ஷிஜு எழுதிய ஹெடர் ஃபைல்

“சோத்துல மீன் வைக்காத ரெம்யா. ஏசி ரூமு, எல்லாரும் மூக்கப் பொத்துவினும்.”

“அப்போ மூக்கில்லாத ஆபீஸ் பாத்துச் சேருங்க.”

ஷிஜு சிரித்துக்கொண்டே ஆபீஸ் லேப்டாப்பில் ஐந்து நிமிடம் எதையோ தட்டினான். வழக்கம்போல எல்லாவற்றையும் பென்டிரைவில் நகலெடுத்து இழுப்பறையில் போட்டுவிட்டுப் பைக்கை எடுத்தான். ஆபீஸ் போகும் வழியில், கழக்கூட்டம் பைபாஸில் ஒரு மண்லாரி. அவ்வளவுதான்.

அவன் தினமும் தட்டியது நாட்குறிப்பு. அதற்கென்று ஒரு மென்பொருளை அவனே எழுதியிருந்தான்; குறிப்புகள் வேறு எதிலும் திறக்காது. கடவுச்சொல்லை மட்டும் அவளிடம் சொல்லியிருந்தான். “எனக்குப் பொறவு படிச்சுக்கோ. இருக்கும்போ படிச்சா சண்டை வரும்.”

பென்டிரைவில் பூட்டிய குறிப்புகளும் மென்பொருளின் மூல வரிகளான சோர்ஸ் கோடும் இருந்தன. வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை பில்ட் செய்து ஓடும் மென்பொருளாக்கினால்தான் ஒரு வரியாவது படிக்க முடியும். அவளை அண்ணி முறையில் மைனி என்றழைக்கும் ஷிஜுவின் நண்பன் ஜினு பெங்களூரிலிருந்து போனில் சொல்லச் சொல்ல ரெம்யா தட்டினாள். ஹெடர் ஃபைல் ஒன்றைக் காணோம் என்று பில்ட் நின்றது.

“பயப்படாதீங்க மைனி. கூட வேண்டிய சின்ன ஃபைலு. பேக்கேஜ் பேரு தாறேன், இன்ஸ்டால் பண்ணுங்க.”

ஒன்று கிடைத்தால் அடுத்ததைக் காணோம். மூன்று நாளில் ஐந்தைத் தேடிப் போட்டாள். “மைனியும் இஞ்சினியர் ஆயிட்டிய” என்றான் ஜினு. ஆறாவதன் பெயர் ‘பூட்டு’. ஜினு அதை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னான்.

“இது எந்தப் பேக்கேஜிலயும் வராது மைனி. அவனே எழுதினது. குறிப்பைத் திறக்கிற விவரமெல்லாம் இதுக்குள்ளதான். புராஜெக்ட் ஃபோல்டர்ல போடாம, அந்த லேப்டாப்போட சிஸ்டம் ஃபோல்டர்ல போட்டிருக்கான். வேற யாரு பில்ட் பண்ணப் போறான்னு நாங்க எல்லாரும் செய்யிற தப்புதான். லேப்டாப் எங்க?”

அவன் இறந்த எட்டாம் நாளே ஆபீஸிலிருந்து இரண்டு பேர் படிவத்தோடு வந்திருந்தார்கள். விபத்தில் பையோடு தப்பிய லேப்டாப்பை, திரையைத் துடைத்து, சார்ஜர் வயரைச் சுருட்டி, அவளேதான் கொடுத்தனுப்பினாள்.

ஆபீஸுக்குப் போன் செய்தாள். “அது அப்போளே ஃபார்மேட் செய்து, சேச்சி” என்றது மலையாளத்தில் ஒரு பெண்குரல். உள்ளே இருந்ததெல்லாம் அழிந்திருந்தது.

ரெம்யா அதே பெயரில் ஒரு வெற்று ஃபைலைச் செய்து வைத்தாள். ஒரு பிழை இருந்த இடத்தில் எழுபது வந்தன. அழித்தாள். மறுபடி வைத்தாள்.

“வெறும் ஃபைல் வச்சா ஆவாது மைனி.”

“வேற எதை வைக்கட்டும்? நீ சொல்லு ஜினு, வைக்கேன்.”

அவள் பென்டிரைவைத் திறந்தாள். கடைசிக் காலையில், பைக்கை எடுக்கும் முன் அவன் எழுதிய குறிப்பு பட்டியலின் அடியில் இருந்தது. அதன் அளவு மட்டும் தெரிந்தது: இரண்டு கிலோபைட்.