ஆண்டவர் மலை தெரிந்த சாயங்காலம்

மழை விட்ட மறுநாள் பெரியநாயக்கன்பாளையத்தில் காற்றே புதுசாக இருக்கும். பட்டறைப் புகையும் மேட்டுப்பாளையம் ரோட்டுப் புழுதியும் அடங்கி, மொட்டைமாடியில் ஏறினால் கிழக்கே தென்னந்தோப்புகளைத் தாண்டி, அன்னூரையும் தாண்டி, ஆண்டவர் மலை தெரியும். மற்ற நாளில் அங்கே ஒரு மலை இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

மலை கண்ணில் பட்டதும் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்வது சின்னாத்தாள் பிறந்த வீட்டுப் பழக்கம். கல்யாணமாகி வந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்தாள். அவள் பெண்கள் ஹர்ஷிணிக்கும் லோகப்பிரியாவுக்கும் அது ஒட்டிக்கொண்டது. யோசித்துச் செய்வதில்லை. வாயில் சோறு இருந்தாலும், பாதிச் சண்டையில் இருந்தாலும், கை தானாகப் போகும்.

அப்படி ஒரு நாள் நாலு மணி வாக்கில் ஹர்ஷிணி வீடியோ கால் போட்டாள். தாய்மாமன் தம்பிதுரை தன் மகனுக்கு என்று பேசி வைத்திருந்த பெண் அவள். ஆடி மாதம் சரவணனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதிப் பையன். மாமன் ஒருமுறை அவர்களை மேட்டுப்பாளையத்தில் பிடித்துவிட்டார். சரவணனின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. அடுத்த தடவை கையோடு நிற்க மாட்டேன் என்று உறவுக்காரர்கள் முன்னால் சொல்லியிருந்தார். அதன்பிறகு எப்போது கூப்பிட்டாலும் ஹர்ஷிணி பெங்களூரில் இருப்பதாகச் சொல்வாள்.

சின்னாத்தாளுக்குக் கை நடுங்கும் என்று லோகப்பிரியாதான் போனைப் பிடித்திருந்தாள். அம்மா அழுதாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள், மறுபடி அழுதாள். ஹர்ஷிணி ஏதோ சிரித்துச் சொல்லிக்கொண்டே போனுக்கு மேலே பார்த்தாள். அவள் முன்னால் ஜன்னல் இருந்திருக்க வேண்டும். பேச்சு நின்றது. கை எழுந்து இரண்டு கன்னத்தையும் தொட்டு இறங்கியது. பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

லோகப்பிரியாவுக்குச் சட்டென்று புரிந்தது. அக்கா பெங்களூரில் இல்லை. இதே மலையைப் பார்த்துக்கொண்டு எங்கேயோ பக்கத்தில் இருக்கிறாள். அவள் முகம் நிழலில் இருந்தது. பின்னால் திறந்திருந்த கதவு வழியாகச் சாயங்கால வெயில் முதுகுப்பக்கம் விழுந்து தலைமுடி ஓரம் மட்டும் மின்னியது. மேற்கு வெயில் முதுகில் என்றால் மலை அவளுக்குக் கிழக்கே. மலைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். வாசற்படியில் தம்பிதுரை நின்றுகொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

யார் பேசியது என்று அவர் கேட்கவே இல்லை. தன் அக்கா சின்னாத்தாளிடம் ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடித்தார். மழை எப்படி என்று விசாரித்தார். பட்டறைக்குப் போன் செய்ய வேண்டும், உள்ளே டவர் எடுக்கவில்லை என்று மாடிக்குப் போனார். லோகப்பிரியா துணி எடுக்கிற சாக்கில் பின்னாலேயே ஏறினாள்.

மாமன் கிழக்கே திரும்பினார். மலை நீலமாக, மடிப்புக்கூடத் தெரியும்படி நின்றது. அவர் கை எழுந்தது. ஒரு கன்னத்தைத் தொட்டது. மறு கன்னத்துக்குப் போகாமல் அந்தரத்திலேயே நின்றது.

அவர் மெதுவாகக் கையை இறக்கினார்.

"ஏங் கண்ணு, உங்கக்கா இப்பக் கன்னத்துல போட்டுக்கிட்டாளே, எதைப் பாத்துப் போட்டுக்கிட்டா?"

கோயில் ஏதாவது இருக்கும் என்று அவள் முணுமுணுத்தாள்.

"பெங்களூர்ல கோயிலு. செரி." மாமன் சிரித்தார். "அந்த ஊர்ல இருந்து நம்ம சாமி மலையும் தெரியுமாட்ட இருக்குது."

மாடிச் சுவரில் கையூன்றி வெகுநேரம் பார்த்தார். தோப்பும் கோழிப்பண்ணையும் ஊரும் மில்லுமாக எல்லாம் அடிவானம் வரை பளிச்சென்று கிடந்தன. இப்படிப்பட்ட நாளில் அந்த மலை எத்தனை ஊருக்குத் தெரியும் என்று அவரும் கணக்குப் போட்டிருப்பார். அத்தனையிலும் தேட முடியாது. திரும்பினார்.

"போனை நீதானே புடிச்சிருந்தே. எனக்கு அவ கையி மட்டுந்தான் தெரிஞ்சுது. மலையப் பாக்கறப்ப வெயில் அவ மூஞ்சில அடிச்சுதா, முதுகுல அடிச்சுதா?"

லோகப்பிரியா பத்தாவதோடு நின்றவள். சொந்தக்காரர்கள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவாள். அவள் பொய் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை, பேசினதாகவே நினைவில்லை. அதனால்தான் அவளிடம் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"கவனிக்கலீங்க மாமா."

"கவனிச்சிருப்பே. நீ எல்லாத்தையும் கவனிக்கறவ." அவள் தோளைப் பிடித்துக் கிழக்கே திருப்பினார். "சாமியப் பாத்துச் சொல்லு அம்மணி."

மலை எதிரே நின்றது. உச்சியில் கோயில் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. அவ்வளவு தெளிவாக அதை அவள் பார்த்ததே இல்லை.

"மூஞ்சிலதானுங்க," என்றாள். "கண்ணு கூசி, சுருக்கிக்கிட்டுத்தான் பாத்தாளுங்க."

தோளில் இருந்த பிடி தளர்ந்தது. அப்படியானால் மலைக்கு அந்தப் பக்கம், புளியம்பட்டி, சத்திப் பக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாரையோ போனில் அழைத்து, நாலு பேரோடு அன்னூர் முக்கில் நிற்கச் சொன்னார். கன்னத்தில் விட்ட பாதியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

வெள்ளைக் கார் சந்து திரும்பியபோதுதான் லோகப்பிரியாவுக்கு உறைத்தது. அந்தப் பக்கம் போக வேண்டுமானாலும் இந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்னூர் வழியாகத்தான் போவார். மழை விட்ட சாயங்காலம். அக்கா மலையைப் பார்க்க வாசலில்கூட வந்து நிற்பாள்.

அவள் விரல் எழுத்தைத் தப்பித் தப்பித் தொட்டது. "மாமா அன்னூர் ரோட்டுல வர்றாரு. ஜன்னலச் சாத்து. ரெண்டு பேரும் வெளிய வராதீங்க." அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. கார் தோப்புக்குள் மறைந்தது. ஒற்றை டிக் அப்படியே இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. ஊருக்கு மேற்கே இருந்த மலைத்தொடரின் நிழல் கூரைகளைத் தாண்டிக் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டாள். கிடைக்கவில்லை.

நிழல் தோப்பைத் தொட்டபோது இரண்டு டிக் விழுந்து நீலமானது.

"சாத்திட்டோம்," என்று வந்தது. கொஞ்சம் பொறுத்து, "நாங்க இங்க இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"மலை தெரிஞ்சுது," என்று அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் அழித்தாள்.

ஆண்டவர் மலை உச்சியில் மட்டும் இன்னும் வெயில் இருந்தது. அவள் கை எழுந்தது. தொட மனம் வராமல் கீழே விழுந்தது. பின்னால் கொலுசில்லாத காலடி கேட்டது. சின்னாத்தாள் கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அவ மூஞ்சி இருட்டாத்தான் இருந்துச்சு," என்றாள், மலையைப் பார்த்தபடி. "நானும் பாத்தேன். நீ மாமன்கிட்டச் சொன்னது கீழ கேட்டுச்சு. சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ கீழ வா கண்ணு."