இரண்டாவது சோதனைக்கு முன்

தொண்டூர் மஞ்சுவின் ஐந்து வயது மகளுக்கு முதல் சோதனையில் பால்வினை நோய் தெரிந்தது. வேறு முறையிலும் உறுதியானால்தான் வழக்கு கோர்ட்டில் நிற்கும். இரண்டாவது மாதிரி எடுக்க எங்கள் செஞ்சி லேபுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். நோயின் பெயரைக் குடும்பத்தில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.

“பாப்பாவுக்கு மாத்திரை எதுனா குடுத்தீங்களா? குடுத்தா ரிசல்ட் மாறிடும்” என்றேன்.

மஞ்சு இல்லையென்று தலையாட்டினாள். கூட வந்திருந்த அவள் கொழுந்தன் தங்கராஜ் குறுக்கிட்டான். “காத்தால நான் ஒண்ணு குடுத்துட்டேன். இனிமே டெஸ்ட்டு எதுக்கு மேடம்?”

“இன்னா மாத்திரை? எடுத்துக் காட்டு.”

சட்டைப் பையிலிருந்து அட்டையை நீட்டினான். அதே நோய்க்கான மாத்திரை. ஆறு குழிகள் காலியாக இருந்தன.

“பாப்பாவுக்கு ஒண்ணு. மீதி அஞ்சு யாருக்குடா?”

மஞ்சு மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.