மேல்மாடியில் முப்பத்து மூன்று டிகிரி

ஜெயபாண்டியின் மேசையில் எப்போதும் நான்கு பேனாக்கள் இருக்கும். இரண்டு நீலம், ஒன்று கறுப்பு, இன்னொன்று இரண்டு வரிக்கு ஒருமுறை மக்கர் பண்ணும் பழைய பேனா. அன்று மதியம் அவன் தீயணைப்பு சிலிண்டர்களை மாதாமாதம் சோதித்ததாகச் சொல்லும் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தான். ஆறு மாத வேலையை ஒரே மூச்சில் முடித்துக்கொண்டிருந்தான். மாதத்துக்கு ஒரு பேனா மாற்றினான். ஆகஸ்ட் மாதப் பக்கத்தில் டீ டம்ளரை வைத்து ஒரு வட்டம் பதித்தான். மறுநாள் வெளிநாட்டு வியாபாரியின் ஆள் ஆடிட்டுக்கு வருகிறார். அவர் பார்த்தால், யாரோ ஒரு புண்ணியவான் ஆறு மாதமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சிலிண்டர்களைக் காவல் காத்திருக்கிறான் என்றுதான் தோன்றும்.

மண்ணரை என்ற ஊரில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் இதற்காகவே அவனுக்குத் தனி மரியாதை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். தையல்காரர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் தொடங்கி, கையெழுத்து அழகாக இருந்ததால் ஆபீசுக்குள் நுழைந்தான். எந்த எண் யாருக்குப் பிடிக்கும் என்பது அவனுக்கு அத்துபடி. பதிவேடு என்பதே பார்ப்பவர் மனம் குளிர எழுதப்படுவதுதான் என்று அவன் நம்பினான். பாவம், அதைத் தவிர வேறு மாதிரிப் பதிவேட்டை அவன் பார்த்ததும் இல்லை.

அதனால்தான் அந்த வாரம் டீக்கடையில் நடந்த வாக்குவாதத்தில் அவன் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது. 2009 டிசம்பர் அது. உலக நாடுகள் எல்லாம் ஒரு குளிர் தேசத்தில் கூடி, பூமி சூடாவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வெளிநாட்டு விஞ்ஞானிகள் சிலரின் மின்னஞ்சல்களை யாரோ திருடி வெளியிட, அவர்கள் வெப்பக் கணக்கைத் திரித்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்யும் ராஜா முகமது பேப்பரை விரித்து அதைப் படித்துக் காட்டினார். விசாரிக்கப்போகிறார்களாம், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

ஜெயபாண்டிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "விசாரிக்க என்ன பாய் இருக்கு? நம்பர் எப்படிப் பெறக்குதுன்னு என்கிட்டக் கேளுங்க. ரூமுக்குள்ள உக்காந்து எழுதுறதுதான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராஜா முகமது மட்டும் பேப்பரை மடித்துக்கொண்டே, "அவங்க ரூமுல உக்காந்து எழுதுனத நீங்க எங்க பாத்தீங்க தம்பி?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார். ஜெயபாண்டி டம்ளரை வைத்துவிட்டு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சூட்டை அளக்கும் அந்தப் பெரிய வேலையில் ஜெயபாண்டிக்கும் ஒரு சின்னப் பங்கு இருந்தது. கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து அமராவதி என்ற ஆராய்ச்சியாளர் அந்த மார்ச் மாதம் வந்திருந்தார். வருசா வருசம் கோடை கூடிக்கொண்டே போனால் தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்கிறவர்களின் உடம்பு என்ன ஆகும் என்பதுதான் அவர் ஆராய்ச்சி. ஐந்து கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்திருந்தார். இந்தக் கம்பெனியின் மூன்றாம் மாடியில், தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் பெண்கள் உட்காரும் இடத்தில், ஒரு பலகையில் இரண்டு தெர்மாமீட்டர்களை மாட்டினார். ஒன்று சாதாரணமானது. மற்றதன் அடியில் பனியன் துணி சுற்றி, துணியின் நுனி ஒரு தண்ணீர்ப் புட்டிக்குள் கிடக்கும். தினம் மதியம் ஒரு மணிக்கு இரண்டையும் பார்த்து எழுத வேண்டும். முதலாளி அந்த வேலையை ஜெயபாண்டியின் தலையில் கட்டினார். பதினைந்து நாள் ஏறிப் போய், இரண்டு எதற்கு என்று யோசிக்காமலே பார்த்து எழுதினான். அதற்குப் பிறகு, மூன்று மாடி ஏறுவானேன் என்று பேனாக்களைக் கையில் எடுத்துக்கொண்டான்.

அந்த மாடியில் வேலை பார்த்த முப்பது பெண்களில் அவன் மனைவி ராமுத்தாயும் ஒருத்தி. கூரைக்கு அடியில் தெர்மாகோல் அட்டை அடித்துக் கொடுக்கச் சொல்லி அவர்கள் முதலாளியிடம் கேட்டிருந்தார்கள். கல்லூரிக் கணக்கு வரட்டும், சூடு அதிகம் என்று அது சொன்னால் அடுத்த கோடைக்குள் அடித்துவிடலாம் என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார். மே மாதத்தில் ஒருநாள் ராமுத்தாய் செக்கிங் டேபிள் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். அதிலிருந்து அந்தக் கணக்கு எப்போது வரும் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள். வரும் வரும் என்பான் ஜெயபாண்டி.

டீக்கடைப் பேச்சு நடந்த மறுவாரம் அமராவதி பதிவேட்டை வாங்க வந்தார். ஆபீசில் உட்கார்ந்து நிதானமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முதலில் கையெழுத்தைப் பாராட்டினார். பிறகு ஏப்ரல் பக்கத்தில் நின்றார். முன்னால் போனார், பின்னால் வந்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. ஒரு புதிருக்கு விடை தேடுகிறவரைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மேலே போய்ப் பலகையைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

பலகையில் ஒட்டடை படிந்திருந்தது. புட்டியில் தண்ணீர் இல்லை. துணி காய்ந்து மொரமொரவென்று இருந்தது. அமராவதி தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைப் புட்டியில் ஊற்றி, துணியை நனைத்து, ஒரு அட்டையால் விசிறினார். ஜெயபாண்டியைப் பக்கத்தில் வந்து பார்க்கச் சொன்னார். பாதரசம் மெல்ல இறங்கியது. முப்பது, இருபத்தொன்பது, இருபத்தேழு. இருபத்து நான்கு வரைக்கும் வந்து நின்றது. ஒன்பது மாதம் அதன் பேரில் கணக்கு எழுதியவன் அது இறங்குவதை அன்றுதான் வாயைப் பிளந்து பார்த்தான்.

"இதென்ன மேடம், எறங்குது?"

"ஈரம் காயறப்போ சூட்ட எடுத்துக்கும்ங்ணா. நமக்கு வேர்த்துக் காத்தடிச்சாச் சில்லுனு இருக்கறதில்லீங்களா, அதேதானுங்க. காத்துல ஈரம் நெறைய இருந்தா ரெண்டும் ஒண்ணா நிக்கும். ஆனா ஈரத்துணி சுத்துனது, சுத்தாதத விட மேல போகவே போகாதுங்க." பதிவேட்டைத் திறந்து அவன் முன்னால் நீட்டினார். "ஏப்ரல், மே ரெண்டு மாசத்துல இருபத்திரண்டு நாள் மேல போயிருக்குதுங்ணா. அது எப்படிங்க?"

இரண்டு பத்தியிலும் ஒரே எண் இருந்தால் ஆடிட்டருக்குச் சந்தேகம் வரும் என்று ஒருநாள் ஒன்று கூட்டியும் மறுநாள் ஒன்று குறைத்தும் அவன் எழுதியது அது. இத்தனை வருடத்தில் கோட்டுப் போட்ட எந்த ஆடிட்டரும் கண்டுபிடிக்காததை ஒரு துண்டு பனியன் துணி காட்டிக்கொடுத்துவிட்டது. அவனுக்கு வெட்கத்தை மீறி வியப்பாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள் மேடம், யாருக்கும் தெரியாது என்று மெதுவாகச் சொன்னான்.

"அது ரெண்டாவது பொய்ங்ணா," என்றார் அமராவதி. குரல் உயரவில்லை. "இந்த எடத்துக் கணக்கு சரியில்லைன்னு நானே எழுதிருவனுங்க. எனக்கு ஒரு வருச வேலை போச்சு. போகட்டும்ங்க. நான் எழுதலைன்னா என்னோட கணக்கப் பாக்கற அடுத்த ஆளு கண்டுபிடிச்சு எழுதுவாரு. பேப்பர்ல அடிபடற அந்த வெளிநாட்டுக்காரங்க கணக்கையும் அப்படித்தானுங்க நாலு பேரு தோண்டிப் பாப்பாங்க. தப்பு பண்ணாத ஆளுன்னு நாங்க யாரையும் நம்பறதில்லீங்க. திருப்பித் திருப்பிப் பாத்தும் நிக்கற கணக்கத்தான் நம்பறது."

கத்திரிக்கோலை வைத்துவிட்டு ராமுத்தாய் எழுந்து வந்திருந்தாள். படிக்கத் தெரியாதவள் இல்லை, எட்டாவது வரை படித்தவள். கணவன் முகத்தைப் பார்த்ததுமே பாதி புரிந்துவிட்டது அவளுக்கு.

"கத்திரி வெயிலு தொடங்குன மறுநாளுதான் நான் விழுந்தேன். மே அஞ்சு. அன்னைக்கு என்ன எழுதிருக்கீக?"

அமராவதி பக்கத்தைப் புரட்டி அவளிடம் காட்டினார். முப்பத்து மூன்று. பார்ப்பவர் மனம் குளிரட்டும் என்று எழுதிய எண். ஊரே கொதித்த மே மாதம் முழுவதும் அந்த மாடி அவன் பதிவேட்டில் முப்பத்து மூன்றைத் தாண்டவில்லை. மனைவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினானே, அன்றைக்கும் அதே எண்தான். ராமுத்தாய் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

படியில் இறங்கும்போது சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டர் கண்ணில் பட்டது. நின்று பார்த்தான். உள்ளே அழுத்தம் இல்லை என்று காட்டும் சிவப்பில் முள் கிடந்தது. எத்தனை மாதமாகவோ. நேரே முதலாளி அறைக்குப் போய் இரண்டையும் சொன்னான், சிலிண்டரையும் சூட்டையும். இனி போய்ப் பார்க்காமல் ஒரு எண்கூட எழுத மாட்டேன் என்றும் சொன்னான். முதலாளி சிலிண்டரை மட்டும் அன்றே நிரப்ப அனுப்பினார். அட்டை விஷயத்தில் கையை விரித்துவிட்டார். கணக்கே சரியில்லை என்று கல்லூரியே சொன்ன பிறகு எதை வைத்து அடிப்பது, வரும் கோடையையும் அளக்கட்டும், அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார். முப்பது பெண்கள் இன்னொரு கோடையைத் தலையில் வாங்க வேண்டும் என்பது அப்படி முடிவானது.

அமராவதி புதுத் துணியும் புது நோட்டும் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஜெயபாண்டி ஒரு மணிக்கு மூச்சு வாங்க மூன்று மாடி ஏறினான். புட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தான். மழை மூட்டமான நாளில் இரண்டு பாதரசமும் நெருங்கி நிற்பதையும், வறண்ட காற்று வீசும் நாளில் விலகி நிற்பதையும் பார்க்கப் பார்க்க, இது என்னதான் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவனைப் பிடித்துக்கொண்டது. சில நாள் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை என்று ஏறினான்.

ஆனால் பழைய கை அல்லவா, ஜனவரியில் ஒருநாள் அரித்தது. சாதாரணத் தெர்மாமீட்டர் முப்பத்தொன்றில் நின்றது. அவன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ராமுத்தாய் பக்கம் குனிந்தான்.

"ஏத்தா, ஒரு முப்பத்தேழுன்னு போட்டுரவா? இப்பவே காட்டுனா கோடைக்கு முன்னாடி அட்டை அடிச்சுருவாரு. இந்தத் தடவை உங்களுக்காகத்தான."

ராமுத்தாய் கையிலிருந்த பனியனைக் கீழே வைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் நிமிர்ந்தார்கள்.

"வேணாம். கொறச்சு எழுதி ஒரு வருசம் போச்சு. கூட்டி எழுதி மாட்டுனா, நாளைக்கு நெசமாவே நாப்பது அடிக்கிறப்போ ஒருத்தரும் நம்ப மாட்டாக. நமக்கு நல்லதுன்னாலும் பொய்க்கணக்கு பொய்க்கணக்குதான். முப்பத்தொண்ணுன்னே எழுதுங்க." பிறகு அவனை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "இனிமே டீக்கடையில எவன் கணக்கையும் சந்தேகப்படுங்க, நான் வேணாங்கல. ஆனா படியேறி வந்து பாத்துட்டுச் சந்தேகப்படுங்க."

ஜெயபாண்டி முப்பத்தொன்று என்று எழுதினான்.