அட்டையில் நான்கு விரல்கள்

கதவுப் படம் போட்ட அட்டையை அவர் இடது கையால் நகர்த்தி மனைவியின் முன்னால் வைத்தார். அவள் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தாள். தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால், அவர் இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் கேட்டது அதையல்ல. சாயங்காலம் ஆனால் இதே அட்டை, இதே தலையாட்டல். கதவை மூடுவதற்கு முன் ஒரு நொடி அவள் ஒதுங்கி நிற்பாள், உள்ளே வரும் யாருக்கோ இடம் விடுவது போல.

பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்ட பிறகு இந்த அட்டைகளைச் செய்தவள் அவள்தான். பள்ளிப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது அவள் வேலை. ஓரத்தில் பூங்கொடியோ பட்டாம்பூச்சியோ கண்டால் அடித்துவிடுவாள். "படிக்கிற பிள்ளைக்கு வழி விடுங்கப்பா, தோரணம் கட்டாதீங்க" என்பது அலுவலகத்தில் அவளுடைய நிரந்தர வசனம். அதே கண்டிப்போடு வீட்டுச் சாமான்களைப் படம் எடுத்து, சுற்றி இருந்ததையெல்லாம் கணினியில் அழித்தாள். ஓர் அட்டைக்கு ஒரு பொருள், கீழே ஒரு சொல், மற்றதெல்லாம் வெள்ளை. ஆள்களுக்கும் அப்படியே. தன் அட்டையைப் பார்த்த நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"கழுத்துல கிடந்த சங்கிலியக்கூட அழிச்சிட்டியே. திருடன்கூட இருட்டுலதான் எடுப்பான்."

"கண்ணு சங்கிலிக்குப் போயிடும் அண்ணி. முகம்தான் தெரியணும்."

"ஆமா, என் முகத்தப் பாக்காமத்தான் என் தம்பி ஏங்கிக் கிடக்கறான்."

அவர் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.

மகனுக்கு மட்டும் அட்டை இல்லை. அவன் விபத்தில் இறந்துபோன நாலாவது மாதம் இவர் விழுந்தார். இவருக்கு எது நினைவிருக்கிறது, எது இல்லை என்று மருத்துவர்களாலும் சொல்ல முடியவில்லை. கேட்டுப் பார்க்கலாம். மறந்திருந்தால், கேட்ட வாயாலேயே மறுபடியும் சொல்ல வேண்டும். முதல் தடவை சொன்னதுதான் நாலு மாதம் உள்ளேயே அரித்து அவரை விழத்தட்டியது என்று அவள் நம்பினாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் கதவு அட்டையின் கதையை முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"அவரு கதவக் கேக்கலக்கா. கதவு வழியா வர்ற யாரையோ கேக்கறாரு. அந்த ஆளுக்கு அட்டை வச்சிருக்கீங்களா?"

நாத்தனார் எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் மனைவி கணினியில் ஒரு பழைய படத்தைத் திறந்தாள். மகன் நேராகப் பார்த்துச் சிரிப்பது அது ஒன்றில்தான், பக்கத்தில், வலது கையை அவன் தோளில் போட்டபடி அப்பா. சுவரை அழித்தாள். கொடியில் காய்ந்த துணிகளை அழித்தாள். கணவரை, சட்டைக் காலரில் தொடங்கி, அழித்தாள். வெள்ளைக்கு நடுவில் மகன் நின்றான். அவன் தோளில் மட்டும் நான்கு விரல்கள் மிஞ்சியிருந்தன, உடம்பில்லாமல். பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். வேறு யாராவது இப்படி ஒரு பக்கத்தைக் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாள். ஒரு விரலை அழித்தாள். அந்த இடத்தில் அவன் சட்டையில் ஓட்டை விழுந்தது போல வெள்ளை தெரிந்தது. அவசரமாக அதைத் திரும்ப வரவழைத்து, அப்படியே அச்சிட்டாள். கீழே 'மகன்' என்று மட்டும் போட்டாள். பெயரைத் தட்டச்சு செய்ய மனம் வரவில்லை.

சாயங்காலம் கதவு அட்டை நகர்ந்து வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. புதிய அட்டையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"வேணாம், இப்ப போயி..." என்ற நாத்தனார் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். முகத்தை அல்ல, தோளை. பிறகு எழுத்துப் பயிற்சிக்கான பென்சிலை இடது கையில் எடுத்து, அந்த விரல்களிலிருந்து ஒரு கோடு இழுத்தார். அது கோணலாக, நடுங்கிக்கொண்டே வெள்ளையைக் கடந்தது. அட்டை வழுக்கியது. அவள் இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கோடு விளிம்பைத் தாண்டி மேசையில் இறங்கியது. மரத்தைக் கீறிக்கொண்டு, மடியில் அசையாமல் கிடந்த தன் வலது கையை நோக்கி அதை அவர் இழுத்துக்கொண்டே வந்தார்.