அண்ணனுக்குப் போட்ட மதிப்பெண்

என் அண்ணன் சூப்பர்வைசர் வேலையை மூன்று முறை வேண்டாம் என்று சொன்னவர். முதல் முறை நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை அதே கம்பெனியில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்திருந்தேன். மூன்றாம் முறை அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்ததே நான்தான்.

"சூப்பர்வைசர் ஆனா தனியா உக்காந்து சாப்பிடணும்டா. எனக்கு எறங்காது," என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நாங்கள் வேலை பார்த்தது அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை. ஆள் உயரக் காகிதச் சுருள் ஒரு முனையில் ஏறும். ஆவியில் கொதிக்கும் பல் உருளைகளுக்கு நடுவே காகிதம் நெளிந்து, பசை பூசிக்கொண்டு, மறுமுனையில் அட்டையாக வெளியே வரும். அந்த இயந்திரத்தின் தலைமாட்டில் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் அண்ணன், இன்னொருவர் ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் வந்த பெயர். அவருடைய சம்பளச் சீட்டில் உள்ள பெயரைச் சொன்னால் வாட்ச்மேன்கூட "அப்படி யாரும் இல்லையே" என்றுதான் சொல்வார். இயந்திரச் சத்தத்தில் அவர் பேசுவது பாதி கேட்காது. கேட்ட பாதிக்கே அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பதினெட்டு வருடமாக இப்படித்தான்.

பகல் மணி அடித்ததும் பசைத் தொட்டிக்குப் பின்னால் கழிவு அட்டைகளை விரித்து ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்காருவார்கள். டிபன் பாக்ஸ்கள் நடுவே போகும். தன் வீட்டுச் சாப்பாட்டைத் தானே சாப்பிட்டவர் அங்கே யாரும் இல்லை. அண்ணனுக்கு வாழ்க்கையில் வேண்டியதெல்லாம் அந்த வட்டத்திலும், மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பி மகளோடு உட்கார்ந்து கேரம் ஆடுவதிலும் அடங்கிவிட்டது.

எனக்கு அப்படி அடங்கவில்லை. அப்பா போனபோது எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பதினாறு. அவர் வேலைக்குப் போனார், நான் பள்ளிக்கூடம் போனேன். "நீ நல்லாப் படி" என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. பள்ளி திறக்கும் நாளில் புதுச் சட்டை மடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். அந்தச் சட்டைகளுக்கு ஈடாகப் பெரிய ஆளாகிக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். ஆகத் தொடங்கிய பிறகு, எதற்காக என்பது மறந்துபோய், ஆவது மட்டும் மிஞ்சிவிட்டது. திட்டப் பிரிவு, பிறகு உற்பத்தி மேலாளர், அதற்கும் மேலே தொழிற்சாலைத் தலைவர் என்ற ஒரே ஒரு படி பாக்கி.

அப்போதுதான் எங்கள் கம்பெனியை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. தானே ஓடும் புது இயந்திரம் வரப்போகிறது, பதினோரு பேரைக் குறைக்க வேண்டும் என்றார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இயக்குநர் என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார்.

"தலைவர் பதவிக்கு ரெண்டு பேர் பேரு இருக்கு. இந்த லிஸ்ட்டை யாரு சத்தம் இல்லாம முடிச்சுக் குடுக்குறாங்கன்னு பாப்போம்."

ஒவ்வொரு ஆளுக்கும் மதிப்பெண் போட ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். அனுபவம், வருகை, செய்த தவறுகள், ஒழுக்கம். இவையெல்லாம் ஆபீஸ் பதிவேட்டிலிருந்து தானாகவே நிரம்பி வந்தன. கடைசிக் கட்டம் "பல வேலைத் திறன்". அதை மட்டும் நான் போட வேண்டும், ஐந்துக்கு.

இயந்திரத்தின் தலைமாட்டில் இனி ஒருவர்தான். அண்ணன் முந்தின வருடம் முழங்காலுக்கு அறுவை செய்து பல வாரம் லீவில் இருந்தார். ரேடியோ லீவே போடாதவர். கடைசிக் கட்டம் இல்லாமலே ரேடியோ ஒரு மதிப்பெண் முன்னால் இருந்தார். அந்தக் கட்டத்தையும் நேர்மையாகப் போட்டால், அச்சு இயந்திரமும் ஓட்டத் தெரிந்த ரேடியோவுக்கு நான்கு. தன் இயந்திரத்தைத் தவிர வேறு எதையும் தொடாத அண்ணனுக்கு இரண்டு.

இடம் மாற்றிப் போட்டேன். அண்ணனுக்கு நான்கு, ரேடியோவுக்கு இரண்டு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பாசத்தில் செய்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாசமும் இருந்தது. ஆனால் கூடப் பிறந்த அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாடியில் தலைவரின் கண்ணாடி அறைக்குக் குடிபோனவன் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களே என்ற பயம்தான் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கேட்டாள். "லிஸ்ட்ல உங்க அண்ணன் இருக்காரா?"

"இல்ல."

"அப்பாடா," என்று எழுந்து போனாள். வேறு யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கடிதங்களை நானே கையில் கொடுத்தேன். ஒருவர் அழுதார், ஒருவர் கதவை உதைத்துவிட்டுப் போனார். ரேடியோ கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பேசுவார், கத்துவார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

"மார்க்கு போட்டீங்களாமே சார். எனக்கு எதுல கொறைஞ்சுச்சு?"

"அது... வெளிய சொல்லக் கூடாதுண்ணே. ரூல்ஸ்."

"இல்ல, தெரிஞ்சா அடுத்த எடத்துல சரி பண்ணிக்கலாமேன்னு கேட்டேன்," என்றார். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இரண்டே வாரத்தில் நான் தொழிற்சாலைத் தலைவர் ஆனேன். மாடி அறைக் கண்ணாடி வழியாகக் கீழ்த்தளம் முழுவதும் தெரியும், பசைத் தொட்டியின் பின்பக்கமும்தான். முதல் நாள் பகல் மணி அடித்ததும் அண்ணன் வழக்கம்போல அட்டையை விரித்து உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். மற்றவர்கள் வந்தார்கள். அவரைப் பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் பிடிக்கப் போவதுபோலப் போனார், ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். ஐந்து நிமிடம் கழித்து அவர்கள் எல்லோரும் லாரி நிற்கும் பக்கம் போய் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் நான் கண்ணாடி மேல் திரையை இறக்கிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அண்ணன் மாடிக்கு வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. சட்டையில் காகிதத் தூசி இருந்ததால் நாற்காலியில் உட்காராமலே நின்றார்.

"போன வருஷம் நான் எத்தனை நாளுடா லீவு?"

"எதுக்குண்ணே இப்ப அது?"

"அவன் எத்தனை நாளு?"

மேசை மேலிருந்த கோப்பை மூடி வைத்தேன்.

"அவனுக்குப் பிரிண்டிங் மிஷினும் தெரியும். எனக்குத் தெரியாது. மார்க்கு போட்டா அவனுக்குத்தானே ஜாஸ்தி வரணும்? நான் பத்தாவதுதான். ஆனா கூட்டல் தெரியும்."

"அண்ணே, உங்களுக்குக் காலேஜ் போற பொண்ணு இருக்கு. கால் வேற சரியில்ல. வெளிய யாரு வேலை குடுப்பாங்க? நான் யோசிச்சுத்தான்..."

"நான் கேட்டேனாடா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"அவங்க என்னைத் திட்டுனாக்கூடப் பரவால்ல," என்றார். "என் முன்னாடி யாரும் பேச மாட்டேங்குறாங்க. பேசுனா நான் வந்து உன்கிட்ட சொல்லிருவேனாம்."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். ராஜினாமாக் கடிதம். மகளின் கையெழுத்து, கீழே அவருடைய ஒப்பம்.

"என் எடத்துல அவனை எடுத்துக்கோ."

"அப்படியெல்லாம் முடியாதுண்ணே. லிஸ்ட் மேல போயிருச்சு."

"எழுதிக் கேளு. கேட்டா என்ன? நீதானே இங்க பெரியவன்."

"சரி, கேக்குறேன்," என்றேன்.

நான் கேட்கவில்லை. மூன்று முறை கடிதத்தைத் தட்டச்சு செய்தேன், மூன்று முறையும் அழித்தேன். ஒரே ஒரு ஆளைத் திரும்ப எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று பார்க்கக் கிளம்பினால் படிவத்தை எடுப்பார்கள். உட்கார்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத நாற்காலி அது. பத்து நாள் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போய், "மேல ஒத்துக்கலண்ணே. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்," என்றேன்.

அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அண்ணன் தலையாட்டினார்.

"நீ கேட்டல்ல, அது போதும்."

அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டார். மரச்சாமான் கடைக் கிடங்கில் நாற்காலிகளுக்கு அட்டை சுற்றும் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நிற்க வேண்டும். மகள் படிப்பை முடிக்காமல் ஒரு கால் சென்டரில் சேர்ந்தாள். படிப்புக்கு நான் கட்டுகிறேன் என்று போய் நின்றேன். "வேணாம் சித்தப்பா" என்று அவளே சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ரேடியோவுக்கு உள்ளூரில் வேலை எதுவும் அமையவில்லை. குடும்பத்தோடு மச்சான் இருக்கும் ஊருக்குப் போகப்போகிறார் என்று தெரிந்ததும் அண்ணன் பார்க்கப் போயிருக்கிறார். காலை பதினோரு மணி. ரேடியோவின் மனைவி வாசலில் நின்று, "அவரு தூங்குறாருண்ணே," என்றாளாம். உள்ளே பெட்டி கட்டும் சத்தம் கேட்டதாம். "சரிம்மா, எழுப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். இதை அண்ணிதான் சொன்னாள்.

ஆனாலும் அண்ணன் விடவில்லை. அடுத்த வருடம், மாற்று உடைகூட எடுத்துக்கொள்ளாமல், ஆறு மணி நேரம் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் தொழிற்சாலைக் கூட்டத்தின் நடுவே என் போன் அடித்தது. வெளியே வந்து எடுத்தேன்.

"சார், ரேடியோ பேசுறேன்."

"சொல்லுங்கண்ணே."

"நேத்து உங்க அண்ணன் வந்திருந்தாரு. எனக்காக மேல எழுதிக் கேட்டீங்களாமே. எனக்குத் தெரியாம உங்களை என்னென்னவோ பேசிட்டேன் சார். வீட்ல பசங்க முன்னாடியே பேசியிருக்கேன். மனசுல வச்சுக்காதீங்க."

நடைபாதையில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கூட்ட அறைக் கதவைத் திறந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைக்கூடத் திறந்தேன்.

"பரவால்லண்ணே," என்றுதான் வந்தது. "உடம்பைப் பாத்துக்கோங்க."

ரேடியோ அங்கே ஒரு பள்ளிக்கூட வேனுக்கு உதவியாளாக இருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் இப்போது நான்கு தொழிற்சாலைகளுக்கு மேலாளர். பெரிய வீடு. காருக்கு டிரைவர் உண்டு. சொந்தக்காரர்கள் பிள்ளைகளிடம் என்னைத்தான் காட்டுகிறார்கள்.

போன மாதம் மனைவியோடு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய கிடங்கு முதலாளி என்னைப் பார்க்க வந்திருந்தார், மகனுக்கு வேலை கேட்டு. அண்ணன் என் தோளில் கை போட்டு அவரிடம் சொன்னார்: "என் தம்பிகிட்ட கேட்டா முடிஞ்சதைச் செய்வான். அவனால முடியலன்னா அது யாராலயும் முடியாததா இருக்கும்."

அவர் கையின் கனம் தோளில் இருந்தது. நான் அந்த முதலாளியிடம் மகனின் விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளத் தொடங்கினேன். என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் நான் இதுவரை சொல்லவில்லை.