மூல மாதிரியைத் தின்றவன்

ஆய்வுக்கூடத்தின் மூல மாதிரியை நான் தின்றுவிட்டேன். ஒரேயடியாக இல்லை. தினம் காலையில் ஒரு ஸ்பூன், பொடி பண்ணி, மோரில் கலந்து.

வயிற்றில் பூச்சி என்று எனக்குச் சந்தேகம். பூச்சிக்கு வாய்விடங்கம். அது எங்கள் அலமாரியிலேயே புட்டி நிறைய இருந்தது. மிளகு மாதிரி காய்ந்த பழம், சீல் வைத்த சுத்தமான சரக்கு. சாரம் பகுதியில் இருக்கும் இந்தக் கூடத்தில் நான் பதினாறு வருஷமாக உதவியாளன். வருகிற வாய்விடங்கமெல்லாம் அசலா போலியா என்று அந்தப் புட்டியோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். "மூல மாதிரி, தொடாதே" என்று அதில் எழுதி ஒட்டியதும் நானேதான். எழுதியவனுக்கு அது பொருந்தாது என்று நினைத்துவிட்டேன்.

பூச்சி போனதோ இல்லையோ, புட்டி காலியாகிவிட்டது. உடனே ஜில்பேர் கடைக்கு ஓடினேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், அதனால் எல்லாருக்கும் 'முசியே'; மாமனார் விட்டுப்போன நாட்டு மருந்துக்கடையில் பொழுதைப் போக்குகிறார்.

"அசல்தானே முசியே?"

"நல்ல சரக்குப்பா," என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் அன்றைக்கு அதற்கு மேல் எதையும் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இல்லை. புட்டியை ரொப்பி வைத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து சிவசங்கரி வந்தது. அரியாங்குப்பத்துப் பெண், முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. மலைமலையாக ஏறி, இலையும் பூவும் பார்த்து, தன் கையால் பறித்த ஐந்து மாதிரிகள். கூடவே ஜில்பேர் கடைச் சரக்கு ஒன்று. வாய்விடங்கத்துக்குப் பங்காளிச் செடி ஒன்று உண்டு. பழம் பார்க்க அப்படியே இருக்கும், முக்கியமான சத்தும் இரண்டிலும் ஒன்றுதான். சாற்றைத் தகட்டில் ஏற்றினால் சத்துகள் கோடு கோடாகப் பிரியும். மற்ற கோடுகளைப் பார்த்துத்தான் எது எது என்று சொல்ல முடியும்.

தகடு சொன்னது இது: மலையில் பறித்த ஐந்தும் போலி. கடைச் சரக்கு மட்டும் மூல மாதிரியோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

பொருந்தாமல் என்ன செய்யும்?

இயக்குநர் அரிகிருஷ்ணன் சாருக்கு ஒரே குஷி. புதிய கண்டுபிடிப்பு என்றார். ஒருவேளை புட்டியிலேயே தப்பு இருந்தால், என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டுப் பார்த்தேன். அதற்கு அவர் மூல மாதிரி என்பதன் இலக்கணத்தை இருபது நிமிஷம் விளக்கினார். தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்.

சிவசங்கரி அந்தத் தகட்டுச் சோதனையை நான்கு தடவை திரும்பச் செய்து பார்த்தது. ஐந்தாம் நாள் பார்த்தால், "செடிகளை நானே அடையாளம் கண்டேன்" என்ற வரியை ஆய்வேட்டிலிருந்து அடித்து நீக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும்.

"எனக்குச் செடியே தெரியல போலண்ணே. மூணு வருஷம் எதையோ பறிச்சிட்டு வந்திருக்கேன்."

மோர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஸ்பூன் கணக்கு உட்பட. அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். ஹெல்மெட்டை எடுத்தது.

"வண்டில ஏறுங்க."

ஜில்பேர் கடையில் அதே கேள்வியைக் கேட்டேன். எல்லாரும் வாங்குற சரக்குதான் என்றார். வியாபாரி அனுப்புறதுதான் என்றார். நடுவில் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். சுற்றி வளைப்பதில் எங்கள் இயக்குநருக்கு அண்ணன்.

சிவசங்கரி பையிலிருந்து தன் பழங்களை எடுத்து மேஜையில் கொட்டியது. கொட்டிய கையில் முள் கிழித்த தழும்பு முழங்கை வரைக்கும் இருந்தது. ஜில்பேர் ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார். மெல்ல மென்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முசியே, நீங்க மறைச்சா, செடிய நானே கண்டேன்னு எழுதின வரிய இது அடிச்சிடும். அன்னிக்கு எனக்குக் குடுத்தது வாய்விடங்கமா, இல்லையா?"

"இல்லப்பா," என்றார். "அது பங்காளி. அசல் என் கடைக்கு வந்து எட்டு வருஷம் ஆவுது. இந்தப் பொண்ணு கொண்டாந்திருக்குதே, இதான் வாய்விடங்கம். எழுதித் தரச் சொன்னாலும் தரேன்."