பெட்டிக்கு அந்தப் பக்கம்

வாருங்கள்! பெருமுக்கல் மலையடியில் உள்ள ஓட்டு வீட்டுக்குள் என்னோடு வந்து நில்லுங்கள். நம்பவைக்கப்பட்ட ஒரு குடும்பம் எப்படிக் கைவிடப்பட்டது என்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

கயிற்றுக் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார் விருத்தாசலம். இதயம் தளர்ந்தவர், படுத்தால் மூச்சு முட்டும். கால்கள் இரண்டும் பளபளவென்று வீங்கியிருந்தன. விரலைக் கவ்வியிருந்த சிறு கருவி, அவர் உடம்பின் எண்களைத் தலைமாட்டுப் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மனைவி ஜெயம் அந்தப் பெட்டியின் அருகே குனிந்து பணிவோடு பேசினாள்.

"டாக்டரய்யா, காலு ரொம்ப ஊதிக்கினு வருது. கஞ்சிகூட எறங்கல. இன்னா பண்ணட்டும், சொல்லுங்கய்யா."

பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டியது. கேட்டுவிட்டார் என்று அவள் நம்பினாள்.

"ஒன் தொணதொணப்பு தாங்காம... அந்தாளு ஓடிட்டாரு போல," என்றார் விருத்தாசலம், மூச்சு வாங்கியபடி.

"மூச்சு உட முடியல, கிண்டலுக்கு மட்டும் கொறச்சல் இல்ல." சிரித்தாள்.

அப்போதுதான் பிரபாவதி வந்தாள். வீட்டிலிருந்தபடியே தொலைவழி மருத்துவம் பெறுவது பற்றிய ஆய்வுக்கு நோயாளிகளைச் சேர்ப்பவள், திண்டிவனத்துக்காரி. ஆய்வில் இரண்டு குழுக்கள். ஒரு குழுவோடு மருத்துவர் நாள்தோறும் திரையில் பேசுவார். மற்றக் குழுவின் எண்கள் சேமிக்கப்படும். ஆய்வு முடிந்த பிறகே யாரேனும் பார்ப்பார்கள். கணினிக் குலுக்கலில் விருத்தாசலம் விழுந்தது இரண்டாவதில். பிரபாவதி அன்றே அதையும் சொல்லத்தான் செய்தாள், வேகமாக. ஆனால் சேர்க்கும்போது அவள் அழுத்தி அழுத்திச் சொன்னது, "டாக்டரே ஒங்க வூட்ல இருக்கற மாதிரி" என்பதுதான். ஜெயத்தின் மனத்தில் தங்கியதும் அதுவே.

"வா கண்ணு. ஜல்தியா மருந்து அனுப்பச் சொல்லு அய்யாகிட்ட."

பிரபாவதி விருத்தாசலத்தின் உதடுகளைப் பார்த்தாள். நீலம் பாய்ந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாம்மா?"

"பொட்டி வந்ததுலேர்ந்து போவல. அதான் அய்யா பாத்துக்கினே இருக்காரே!"

பிரபாவதி உடனே ஆம்புலன்சை அழைத்தாள். பிறகு மேலாளர் அன்புச்செல்வனை அழைத்தாள்.

"வண்டி வரட்டும்," என்றான் அவன். "ஆனா யாரும் பாக்கலன்னு மட்டும் வாய உட்டுடாத. ஊருக்குத் தெரிஞ்சா ஒருத்தரும் சேர மாட்டாங்க. நாளைக்குத் திருவாமாத்தூர்ல வேற ஆள் சேக்கணும்."

வேலை போய்விடும் என்ற அச்சம் ஒருபுறம். கட்டிலில் ஏறி இறங்கிய நெஞ்சுக்கூடு மறுபுறம்.

"இன்னாம்மா சொன்னாரு டாக்டரு?" என்றாள் ஜெயம்.

"அது டாக்டர் இல்லம்மா." பிரபாவதி பெட்டியைக் காட்டினாள். "பொட்டிக்கு அந்தப் பக்கம் யாருமே இல்ல."

ஜெயம் அழவில்லை. பெட்டியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள்.

"அப்போ, இவ்ளோ நாளா நான் யார்கிட்டம்மா பேசிக்கினு இருந்தேன்?"

சாலையில் வண்டியின் ஓசை இன்னும் கேட்கவில்லை. விருத்தாசலத்தின் விரல்கள் கட்டில் கயிற்றை இறுகப் பற்றியிருந்தன.

படித்தவர்களே, பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள்! திருவாமாத்தூரில் விடிந்ததும் இன்னொரு வாசலில் இன்னொரு பெட்டி இறங்கப்போகிறது. அந்த வாசலுக்குப் போங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளும் முன்பே உரக்கக் கேளுங்கள்: இவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார்? அவர் பெயர் என்ன? ஒரு மனிதரின் பெயர் பதிலாக வரும்வரை, அந்தப் பெட்டியைப் படி ஏற விடாதீர்கள்!